விமானிகளின் பணிமூப்புப் பட்டியல்: இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போது யார் முன், யார் பின்?

விமான நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் விமானியிடம் அவருடைய பணிமூப்பு எண்ணைக் கேட்டால், யோசிக்காமல் சொல்லிவிடுவார். தமக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அடுத்த சில ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகிறார்கள், தாம் எப்போது கேப்டன் ஆகலாம் என்பதையும் பெரும்பாலானோர் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சற்று மிகையான கவலையாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஓர் எண் ஒரு விமானியின் வாழ்க்கையில் எவற்றையெல்லாம் தீர்மானிக்கிறது என்பது தெரிந்தால்தான், இரண்டு விமான நிறுவனங்கள் இணையும்போது அவற்றின் விமானிகள் ஏன் ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறார்கள் என்பது விளங்கும்.

பணிமூப்புப் பட்டியல் என்பது, ஒரு நிறுவனத்தின் விமானிகள் அனைவரையும் அவர்கள் பணியில் சேர்ந்த வரிசைப்படி அடுக்கிய பட்டியல். முதலில் சேர்ந்தவர் 1-ஆம் எண். நேற்று சேர்ந்தவர் கடைசி எண். ஒரே நாளில் ஒரே பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதை வயது, குலுக்கல் போன்ற ஏதேனும் ஒரு விதி தீர்த்துவைக்கும். மேலே உள்ள ஒருவர் ஓய்வு பெற்றால் அவருக்குக் கீழுள்ள எல்லோரும் ஒரு படி உயர்வார்கள். ஒருவர் தாமே முயன்று மற்றொருவரைத் தாண்டிச் செல்ல வழியே இல்லை.

இந்த வரிசைதான் எல்லாவற்றையும் பங்கிடுகிறது. கேப்டன் பதவி காலியானால், விண்ணப்பித்தவர்களில் தகுதியும் பணிமூப்பும் உடையவருக்கே அது போகும். கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பெரிய விமானத்தை ஓட்டுவதா, குறுந்தொலைவுச் சிறிய விமானத்தை ஓட்டுவதா, எந்த நகரத்தைத் தளமாகக் கொண்டு பணிபுரிவது, மாதாந்தர அட்டவணையில் எந்தப் பயணங்களைப் பெறுவது, பண்டிகை நாளில் விடுப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பவையெல்லாம் அதே வரிசையில்தான் தீர்கின்றன. தொழில் நலிந்து ஆட்குறைப்பு வரும்போது பட்டியலின் அடியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். நிலைமை சீராகித் திரும்ப அழைக்கும்போது கடைசியாகப் போனவர் கடைசியாகவே வருவார் என்பதல்ல, போனவர்களில் மூத்தவர் முதலில் வருவார். இவ்வாறு வேலையின் பெயரைத் தக்கவைத்துக்கொண்டு ஊதியமின்றி வெளியே நிறுத்தப்படுவதைத் தற்காலிகப் பணிநிறுத்தம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். அந்தத் ‘தற்காலிகம்’ சில சமயம் பல ஆண்டுகள் நீண்டிருக்கிறது.

திறமைக்கு இடமில்லாத ஏற்பாடாக இது தோன்றலாம். அதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. மோசமான வானிலையிலோ, பழுது சரிபார்க்கப்படாத விமானத்திலோ பறக்க மறுக்கும் அதிகாரம் விமானிக்கு இருக்க வேண்டும். அவருடைய பதவி உயர்வு மேலாளரின் மதிப்பீட்டைச் சார்ந்திருந்தால், மறுக்கும் ஒவ்வொரு முறையும் அவர் தம் எதிர்காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். திறமையைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட கால இடைவெளியில் நடக்கும் சோதனைகளில் தேறுகிறாரா இல்லையா என்பதே கேள்வி. தேறியவர்களை மேலும் கீழுமாகத் தரம் பிரிப்பதில்லை. ஆகவே யாருடைய தயவும் தேவைப்படாத ஓர் அளவுகோலாகச் சேர்ந்த தேதி நிலைத்துவிட்டது.

இந்த எண் அந்த நிறுவனத்தின் வாசலைத் தாண்டிச் செல்லாது. இருபது ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால், அங்கே பட்டியலின் அடியில், பெரும்பாலும் துணை விமானியாக, தொடக்கநிலை ஊதியத்தில் தொடங்க வேண்டும். பிற தொழில்களில் பிடிக்காத நிறுவனத்தை விட்டு விலகி, அதே நிலையில் இன்னோரிடம் தேடிக்கொள்ளலாம். விமானிக்கு அந்த வழி ஏறத்தாழ அடைபட்டே இருக்கிறது. ஆகவே, நிறுவனம் விற்கப்பட்டாலும் இணைக்கப்பட்டாலும் அவர் தம் எண்ணைக் காப்பாற்றிக்கொள்ளப் போராடுவாரே தவிர, எளிதில் வெளியேற மாட்டார்.

ஒரு சிறு தெளிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊதிய விகிதத்துக்குக் கணக்கிடப்படும் சேவை ஆண்டுகள் வேறு, முன்னுரிமையைத் தீர்மானிக்கும் பணிமூப்பு எண் வேறு. இணைப்பின்போது சேவை ஆண்டுகள் பெரும்பாலும் அப்படியே காக்கப்படும். பன்னிரண்டு ஆண்டுகள் பணிபுரிந்தவர் பன்னிரண்டாம் ஆண்டுக்குரிய விகிதத்திலேயே ஊதியம் பெறுவார். சண்டை முழுவதும் இரண்டாவதைப் பற்றியது.

இரண்டு பட்டியல்களை இணைப்பதில் ஏறத்தாழ எல்லோரும் ஏற்கும் விதி ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு பட்டியலின் உள்வரிசையும் மாறக் கூடாது. பழைய நிறுவனத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் புதிய பட்டியலிலும் எனக்கு முன்னால்தான் இருப்பார். இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலைக்காமல், ஒன்றன் சீட்டுகளுக்கிடையே மற்றதன் சீட்டுகளைச் செருகுவதைப் போன்றது இது. எந்த இடத்தில் எத்தனை சீட்டைச் செருகுவது என்பதுதான் வினா. அதற்கு இயற்கையான விடை எதுவும் இல்லை. ஏனெனில் ஒரு நிறுவனத்தின் 400-ஆம் எண்ணும் இன்னொன்றின் 400-ஆம் எண்ணும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல.

கற்பனையான இரண்டு நிறுவனங்களைக் கொண்டு இதைப் பார்ப்போம். ‘அ’ பழைய நிறுவனம். அதில் 600 விமானிகள்: 240 கேப்டன்கள், 260 துணை விமானிகள், தற்காலிகப் பணிநிறுத்தத்தில் வீட்டில் இருப்போர் 100 பேர். நெடுங்காலமாகத் தேக்கநிலை நிலவுவதால் அங்கே 22 ஆண்டுகள் பணிபுரிந்தவரும் துணை விமானியாகவே இருக்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்குக்கூட 10 முதல் 14 ஆண்டு மூப்பு உண்டு. ‘ஆ’ வேகமாக வளர்ந்த புதிய நிறுவனம். அதில் 300 விமானிகள்: 150 கேப்டன்கள், 150 துணை விமானிகள், வீட்டில் இருப்பவர் யாரும் இல்லை. மிக மூத்தவருக்கு 20 ஆண்டு மூப்பு. 150-ஆம் எண்ணில் உள்ள கடைசிக் கேப்டனுக்கு 6 ஆண்டுதான். இணைந்த நிறுவனத்தில் 900 பெயர்கள், 390 கேப்டன் இடங்கள், மொத்தம் 800 வேலைகள்.

முதல் யோசனை எல்லோருக்கும் தோன்றுவதுதான்: சேர்ந்த தேதிப்படி அடுக்கிவிடலாம். ஒரு நிறுவனத்துக்குள் நியாயமான விதி இரண்டு நிறுவனங்களுக்கிடையே ஏன் நியாயமாக இருக்கக் கூடாது என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் நம் எடுத்துக்காட்டில் அதைச் செய்து பாருங்கள். ‘அ’வின் எல்லா விமானிகளுக்கும் குறைந்தது 10 ஆண்டு மூப்பு இருப்பதால், ‘ஆ’வின் ஆறாண்டுக் கேப்டன் அந்த 600 பேருக்கும் கீழே, 750-ஆம் இடத்துக்குப் போகிறார். தம் நிறுவனத்தில் நடுவில் இருந்தவர் ஆறில் ஐந்து பங்கு பேருக்குப் பின்னால் நிற்கிறார். 390 கேப்டன் இடங்களில் ஒன்று அவருக்கு நெடுங்காலத்துக்குக் கிடைக்காது. இன்னும் மோசமான நிலை ‘ஆ’வின் கடைசி 100 பேருக்கு. அவர்கள் 801 முதல் 900 வரையிலான இடங்களுக்கு வந்துவிட்டார்கள், வேலைகளோ 800. நேற்றுவரை வேலையிழக்கும் அச்சமே இல்லாதிருந்தவர்கள் வெளியேறும் வரிசையில் முதலில் நிற்க, வீட்டில் இருந்த ‘அ’ விமானிகள் அவர்களுக்கு மேலே வந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் கருத்து தெளிவாக வேண்டும். பணிமூப்பு எண் கடந்தகால உழைப்புக்கான பட்டயம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது எதிர்காலத்தின் மீதான ஓர் உரிமை. அந்த உரிமையின் மதிப்பு, அதைக் கொடுத்த நிறுவனம் எவ்வளவு வளர்கிறது, எத்தனை பெரிய விமானங்களை வைத்திருக்கிறது, எப்போது ஆள் எடுக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. தேங்கிய நிறுவனத்தின் 22 ஆண்டுகளும் வளரும் நிறுவனத்தின் 6 ஆண்டுகளும் தத்தம் உரிமையாளர்களுக்கு வெவ்வேறு பொருளைக் கொடுத்தன. தேதியை மட்டும் பார்ப்பவர் உழைப்பின் நீளத்தை அளக்கிறார். ஒவ்வொருவரும் இணைப்புக்குள் கொண்டுவந்த வேலையை அளப்பதில்லை.

இரண்டாவது வழி விகிதம். 600-க்கு 300 என்பதால், ‘அ’விலிருந்து இருவர், ‘ஆ’விலிருந்து ஒருவர் என்று மாறிமாறி வைக்கலாம். எல்லோரும் தம் பழைய பட்டியலில் எத்தனையாவது சதவீதத்தில் இருந்தார்களோ அங்கேயே இருப்பார்கள். ‘ஆ’வின் 150-ஆம் எண் 450-க்கு வரும்; பாதியில் இருந்தவர் பாதியிலேயே இருக்கிறார். பார்ப்பதற்கு அழகான தீர்வு. ஆனால் ‘ஆ’வில் பாதிப்பேர் கேப்டன்கள், ‘அ’வில் நூற்றுக்கு 40 பேர்தான். 390 இடங்கள் உள்ள நிறுவனத்தில் 450-ஆம் எண் கேப்டனாக நீடிக்க முடியாது. சதவீதம் காப்பாற்றப்பட்டது, இருக்கை போய்விட்டது. அதோடு, வீட்டில் இருந்த 100 பேரையும் எண்ணிக்கையில் சேர்த்ததால் ‘அ’வின் பங்கு பெருத்துவிட்டது என்று ‘ஆ’வின் தரப்பு வாதிடும்.

ஆகவே மூன்றாவது வழி: பதவியையும் விமான வகையையும் வைத்துத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் விகிதம் போடுவது. ‘அ’வின் 240 கேப்டன்களில் 60 பேர் பெரிய விமானத்தை ஓட்டுபவர்கள் என்றும், ‘ஆ’வில் அத்தகைய விமானமே இல்லை என்றும் வைத்துக்கொண்டால், அந்த 60 பேரும் பட்டியலின் உச்சியில் வருவார்கள்; அந்த வேலைகளைக் கொண்டுவந்தது அவர்கள் நிறுவனம்தான். பிறகு மீதமுள்ள 180 கேப்டன்களையும் 150 கேப்டன்களையும் ஆறுக்கு ஐந்து என்று பின்னுவார்கள். ‘ஆ’வின் கடைசிக் கேப்டன் 390-ஐ ஒட்டி நிற்பார், இருக்கை தப்பிக்கும். அடுத்து இருதரப்புத் துணை விமானிகள். வீட்டில் இருந்த 100 பேர் 801-லிருந்து தொடங்குவார்கள்.

இப்போது ‘அ’ தரப்பு கொதிக்கும். அதற்கும் காரணம் உண்டு. 22 ஆண்டு பணிபுரிந்த அவர்களுடைய முதல் துணை விமானியும், ஆறாண்டுகூட நிறையாத ‘ஆ’ துணை விமானியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பதினான்கு ஆண்டு மூப்போடு வீட்டில் காத்திருப்பவர், சென்ற மாதம் ‘ஆ’வில் சேர்ந்தவருக்குக் கீழே இருக்கிறார். இது இணைப்பு நாளில் எடுத்த ஒரு புகைப்படத்தை ஒரு வாழ்நாளுக்கான தீர்ப்பாக ஆக்குகிறது என்பது அவர்கள் வாதம். மேலும், ‘அ’வின் கேப்டன்கள் வயதானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பத்தாண்டுகளில் ஓய்வு பெறுவார்கள். இணைப்பு நடக்காமல் இருந்திருந்தால் அந்த இடங்கள் முழுவதும் ‘அ’வின் இளையவர்களுக்கே கிடைத்திருக்கும். இணைந்த பட்டியலில் அந்தக் காலியிடங்களை ‘ஆ’வினரும் பகிர்ந்துகொள்வார்கள். (ஓய்வு வயதே மாறினால் எல்லாக் கணக்கும் தடம்புரளும் என்பதையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் 2007 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு வயது 60-லிருந்து 65 ஆனபோது, கேப்டன் இருக்கைக்காகக் காத்திருந்த துணை விமானிகளின் காத்திருப்பும் ஐந்தாண்டு நீண்டது.)

நான்காவதாக, கலப்பு முறை. ஒவ்வொரு விமானிக்கும் சேவைக் காலத்துக்கு ஒரு மதிப்பும், பதவி மற்றும் விமான வகைக்கு ஒரு மதிப்பும் கொடுத்து, குறிப்பிட்ட எடையில் இரண்டையும் கூட்டி வரிசைப்படுத்துவது. அமெரிக்காவின் யுனைட்டெட், கான்டினென்டல் நிறுவனங்கள் 2010-இல் இணைந்த பிறகு நடுவர் குழு 2013 செப்டம்பரில் அளித்த பட்டியல் இந்த வழியில் அமைந்தது; சேவைக் காலத்துக்கு 35 சதவீதமும், பதவிக்கும் விமான வகைக்கும் 65 சதவீதமும் எடை தரப்பட்டன. 35 ஏன், 40 ஏன் இல்லை என்று கேட்டால் கணிதத்தில் விடை கிடையாது. அது நடுவர்களின் மதிப்பீடு. என் பார்வையில் இந்த முறையின் சிறப்பே, அது தன்னை முழு நியாயம் என்று சொல்லிக்கொள்ளாததுதான்.

ஐந்தாவது வழியும் ஒன்று உண்டு; அதை வழி என்பதா என்று தெரியவில்லை. ஒரு நிறுவனத்தின் பட்டியலுக்கு அடியில் மற்றதை அப்படியே தைத்துவிடுவது. விமானிகளின் பேச்சில் இதற்கு ‘ஸ்டேப்பிள்’ என்றே பெயர். வாங்கிய நிறுவனத்தின் கடைசி விமானிக்குக் கீழே வாங்கப்பட்ட நிறுவனத்தின் முதல் விமானி வருவார். இதற்கும் ஒரு வாதம் சொல்லப்படும்: நாங்கள் வாங்கியிருக்காவிட்டால் உங்கள் நிறுவனம் மூடப்பட்டிருக்கும், அப்போது உங்கள் எண்ணின் மதிப்பு பூஜ்யம்தானே என்பது. இந்த வாதத்தின் கடுமை டி.டபிள்யூ.ஏ. (டிரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ்) என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையில் தெரிகிறது.

2001 ஜனவரியில் மூன்றாம் முறையாகத் திவால் பாதுகாப்புக் கோரிய டி.டபிள்யூ.ஏ.வின் சொத்துகளை அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகள் தம் ஒப்பந்தத்தில் இருந்த இணைப்புக்காலப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மூத்தவர்கள் சிலருக்குப் பட்டியலின் இடையே இடம் கிடைத்தது. பெரும்பகுதியினர் அடியில் வைக்கப்பட்டனர். விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் ஒருவர்கூட விடாமல் அடிக்குப் போனார்கள். சில மாதங்களில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. விமானத் தொழில் சரிந்தது. ஆட்குறைப்பு அடியிலிருந்து தொடங்கியது. 2003-க்குள் டி.டபிள்யூ.ஏ.விலிருந்து வந்த விமானப் பணியாளர்கள் அனைவரும் வேலையிழந்தனர். பல்லாண்டு அனுபவமுள்ள விமானிகள் பலரும் வெளியேற நேர்ந்தது. அந்த விமானிகள் தம் சார்பில் பேச வேண்டிய ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். சங்கம் தன் கடமையில் தவறிவிட்டது என்று 2011-இல் நீதிமன்றத்தின் ஜூரி முடிவுகூறியது, 2014-இல் 5.3 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது.

இதற்கெல்லாம் முன்பே அமெரிக்காவில் ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. 1972-இல் அலெகேனி, மோஹாக் என்ற இரண்டு நிறுவனங்களின் இணைப்புக்கு அனுமதி தந்தபோது, அன்றைய விமானப் போக்குவரத்து வாரியம், பணிமூப்புப் பட்டியல்கள் ‘நியாயமாகவும் சமன்மையாகவும்’ இணைக்கப்பட வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்ற நிபந்தனைகளை விதித்தது. பின்னர் வந்த இணைப்புகளுக்கும் அதுவே முன்மாதிரியாயிற்று. 1978-இல் விமானத் தொழிலின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டு, 1980-களின் நடுவில் அந்த வாரியமே கலைக்கப்பட்டபின், இத்தகைய பாதுகாப்பு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு என்ற நிலை வந்தது. டி.டபிள்யூ.ஏ. தலைமையகம் இருந்த மிசௌரி மாநிலத்தின் செனட்டர்கள் கிளேர் மெக்காஸ்கில், கிட் பாண்ட் ஆகிய இருவரும் கொண்டுவந்த திருத்தம் 2007 டிசம்பரில் சட்டமாகி, பழைய நிபந்தனைகளுக்கு மீண்டும் உயிர்கொடுத்தது. இருதரப்பையும் ஒரே சங்கம் பிரதிநிதித்துவப்படுத்தினால் அந்தச் சங்கத்தின் உள்விதிப்படி இணைக்கலாம் என்பது அதிலுள்ள விலக்கு. ‘நியாயமும் சமன்மையும்’ என்றால் என்ன என்பதைச் சட்டம் சொல்லவில்லை; அதை எழுத முற்பட்டிருந்தால் சட்டமே நிறைவேறியிருக்காது என்று நினைக்கிறேன்.

நடைமுறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். இருதரப்பு விமானிகளும் தனித்தனி இணைப்புக் குழுக்களை அமைப்பார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த நிலையை அடிப்படையாக வைத்து, பெயர், சேர்ந்த தேதி, பதவி, விமான வகை ஆகியவற்றைச் சரிபார்த்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். அந்த நாள் எது என்பதே முதல் சண்டையாக அமைவது உண்டு. ஏனெனில் இணைப்புச் செய்தி வந்த பிறகு யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, யார் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்பவை கணக்கை மாற்றிவிடும். பிறகு பேச்சுவார்த்தை, சமரச முயற்சி, கடைசியில் நடுவர்கள். நிறுவன நிர்வாகம் இதில் கூடியவரை ஒதுங்கியே நிற்கும். விமானிகள் தமக்குள் எப்படி வரிசைப்பட்டாலும் அதற்குக் கூலிச்செலவு பெரிதாக மாறாது. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரே பட்டியல்.

பேச்சுவார்த்தையிலேயே முடிந்தால் நல்லது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பேச்சுவார்த்தையில் பேரம் பேசும் வலிமை இருதரப்புக்கும் சமமாக இருப்பதில்லை. 2011-இல் சவுத்வெஸ்ட் ஏர்ட்ரானை வாங்கியபோது, முதலில் எட்டிய உடன்பாட்டை ஏர்ட்ரான் விமானிகளின் சங்கத் தலைமை உறுப்பினர் வாக்கெடுப்புக்கே அனுப்பாமல் நிராகரித்தது. அதன்பின் வந்த இரண்டாவது உடன்பாடு அவர்களுக்கு முதலாவதைவிடச் சாதகம் குறைந்தது; அதுவே நிறைவேறியது.

நடுவர் தீர்ப்பு வந்தாலும் விஷயம் முடிந்துவிடும் என்பதில்லை. இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் வழக்கு யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்டும் 2005-இல் இணைந்தது. நான் மேலே ‘அ’, ‘ஆ’ என்று சொன்ன கற்பனை நிறுவனங்களுக்கு அச்சு இதுதான். யூ.எஸ். ஏர்வேஸில், அதாவது ‘கிழக்கு’த் தரப்பில், ஏறத்தாழ 1,700 விமானிகள் பணிநிறுத்தத்தில் இருந்தார்கள், நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருந்தது. அமெரிக்கா வெஸ்ட் என்ற ‘மேற்கு’த் தரப்பில் யாரும் வீட்டில் இல்லை. கிழக்குத் தரப்பு சேர்ந்த தேதியைக் கேட்டது. மேற்குத் தரப்பு விகிதத்தைக் கேட்டது. நடுவர் ஜார்ஜ் நிக்கலாவ் 2007 மே மாதம் அளித்த தீர்ப்பில், பெரிய விமானங்களை முன்னிட்டு உச்சியில் 517 இடங்களைக் கிழக்குக்குத் தந்தார். அதற்குக் கீழே பதவி அடிப்படையில் விகிதப்படி பின்னினார். பணிநிறுத்தத்தில் இருந்த கிழக்கு விமானிகளை அடியில் வைத்தார். ஏறக்குறைய 17 ஆண்டு மூப்புள்ள கிழக்கு விமானி, சில மாதங்களுக்கு முன் சேர்ந்த மேற்கு விமானியின் அருகே வந்து நின்றார்.

கிழக்குத் தரப்பினர் எண்ணிக்கையில் பெரும்பான்மையினர். அவர்கள் புதிதாக ஒரு சங்கத்தைத் தொடங்கி, 2008 ஏப்ரலில் வாக்கெடுப்பின் மூலம் பழைய சங்கமான ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷனை வெளியேற்றினார்கள். புதிய சங்கத்தின் கொள்கை சேர்ந்த தேதி. கட்டுப்படுத்தும் என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டு சென்ற நடுவர் தீர்ப்பைப் பெரும்பான்மை பலத்தால் ஒதுக்கிவைக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. 2009-இல் நீதிமன்றத்தின் ஜூரி மேற்கு விமானிகள் பக்கம் நின்றது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தீர்ப்பளிக்கும் அளவுக்கு வழக்கு இன்னும் கனியவில்லை என்று அதைத் தள்ளியது. 2015-இல் அதே நீதிமன்றம், புதிய சங்கம் மேற்கு விமானிகளுக்கான கடமையில் தவறியது என்று தீர்ப்பளித்தது. இத்தனை ஆண்டுகளும் இரண்டு பட்டியல்கள் தனித்தனியே இயங்கின. ஒரே சீருடை, ஒரே பெயர் எழுதிய விமானங்கள். ஆனால் கிழக்கு விமானியும் மேற்கு விமானியும் ஒரே விமானி அறையில் அருகருகே உட்கார முடியாது. பொது ஒப்பந்தம் ஏற்படாததால் கிழக்கு விமானிகள் திவால் காலத்தில் குறைத்துக்கொண்ட ஊதியத்திலேயே பல ஆண்டுகள் பறந்தார்கள். 2013-இல் அந்த நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்தபின், பழைய அமெரிக்கன், கிழக்கு, மேற்கு என்று மூன்று பட்டியல்களையும் சேர்த்து 2016 செப்டம்பரில் மூன்று நடுவர்கள் ஒரே வரிசையாக்கினார்கள். 2005-இல் தொடங்கியது அப்போதுதான் தீர்ந்தது.

நிக்கலாவ் தவறு செய்தாரா என்று கேட்டால், அன்றைய நிலையை வைத்துப் பார்க்கையில் அவர் தீர்ப்பில் தர்க்கம் இருந்தது என்பேன். ஆனால் 17 ஆண்டுகளுக்கு எந்த எடையும் தராத வரிசையைப் பெரும்பான்மையினர் ஏற்பார்கள் என்று எதிர்பார்த்தது கடினமான எதிர்பார்ப்பு. அந்த அனுபவம் வீண்போகவில்லை. ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷனின் இணைப்புக் கொள்கை 2009-இல் திருத்தப்பட்டு, எதிர்கால வாய்ப்பு, பதவி, விமான வகை ஆகியவற்றோடு சேவைக் காலமும் கருத வேண்டிய காரணிகளில் ஒன்றாக வெளிப்படையாக இடம்பெற்றது. யுனைட்டெட் வழக்கின் 35 சதவீதம் அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வந்தது.

டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2008-இல் இணைந்தது இதற்கு நேர்மாறான கதை. அங்கும் ஒருதரப்பு தேதியைக் கேட்டது, மறுதரப்பு பதவி விகிதத்தைக் கேட்டது. ஆனால் விமானிகளின் பொது ஊதிய ஒப்பந்தம் முன்கூட்டியே முடிந்திருந்தது. நடுவர் குழு அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஊதிய உயர்வு கையில் இருக்கும்போது எண்ணைப் பற்றிய கோபம் சற்று அடங்கியிருக்கும் என்பது இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட படிப்பினை. பட்டியல் பெரும்பாலும் பதவி, விமான வகை விகிதத்தில் அமைந்தது. கூடவே ‘வேலி’களும் போடப்பட்டன.

வேலி என்பது பட்டியலைவிடக் குறைவாகப் பேசப்படுவது, ஆனால் அதற்கு இணையாக முக்கியமானது. புதிய வரிசையில் யார் எங்கே இருந்தாலும், குறிப்பிட்ட விமான வகையின் இருக்கைகள் சில ஆண்டுகளுக்கு அதைக் கொண்டுவந்த தரப்புக்கே ஒதுக்கப்படும். டெல்டா வழக்கில் நார்த்வெஸ்டின் போயிங் 747-களும் டெல்டாவின் 777-களும் இப்படி வேலிக்குள் வைக்கப்பட்டன. இதனோடு, பட்டியல் நடைமுறைக்கு வரும் நாளில் யாரும் தம் எண்ணைக் காட்டி இன்னொருவரை இருக்கையிலிருந்து எழுப்ப முடியாது என்ற நிபந்தனையும் வழக்கமாக இருக்கும். புதிய எண் புதிய காலியிடங்களுக்கு மட்டுமே செல்லும். நம் எடுத்துக்காட்டின் ஆறாண்டுக் கேப்டன் 750-ஆம் இடத்துக்குப் போனாலும் மறுநாளே இருக்கையை இழக்க மாட்டார். விமானங்கள் குறையும்போதோ தளம் மூடப்படும்போதோதான் இழப்பார். வேலிகள் கெடு முடிந்ததும் விழுந்துவிடும். பட்டியல் மட்டும் நிற்கும்.

இந்திய அனுபவம் வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-இல் இணைந்தபின், பணியாளர் ஒருங்கிணைப்பைப் பற்றிப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி தர்மாதிகாரி குழு 2012-இல்தான் அறிக்கை தந்தது. அந்த ஆண்டு மே மாதம், புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானங்களுக்கான பயிற்சியை முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் அளிப்பதை எதிர்த்து, ஏர் இந்தியா விமானிகளின் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அது 58 நாள் நீடித்தது. பெரிய விமானத்துக்குப் போகும் வரிசையில் தங்களுக்கு முன்னால் வேறொருவர் வந்துவிடுவார் என்ற அச்சம்தான் அங்கும் மையத்தில் இருந்தது. பெயர்களையும் ஆண்டுகளையும் மாற்றினால், கிழக்கும் மேற்கும் பேசிய அதே மொழி.

இணைந்த பட்டியல் வெளியானதும் விமானி முதலில் பார்ப்பது தம் எண்ணை. ஆனால் அனுபவமுள்ளவர்கள் அங்கே நிறுத்துவதில்லை. 300 பேரில் 150-ஆக இருந்தவர் 900 பேரில் 450-ஆக ஆவது எண்ணளவில் பெரிய வீழ்ச்சி, நிலையளவில் மாற்றமே இல்லை. எனவே முதலில் சதவீதத்தைப் பார்ப்பார்கள். அடுத்து, அந்தச் சதவீதத்தில் எந்த இருக்கை, எந்தத் தளம் கிடைக்கும் என்று பார்ப்பார்கள். கடைசியாக, தமக்கு மேலே இருப்பவர்களின் பிறந்த ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்று வரிசையாக எழுதிப் பார்ப்பார்கள். இன்று ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கும் இருவரில் 35 வயதுக்காரர் என்றாவது முதல் நூறு எண்களுக்குள் போகலாம். 58 வயதுக்காரருக்கு அந்த அவகாசம் இல்லை. இணைப்பு அறிவிப்புக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவருக்கு மட்டும் இந்தக் கணக்கில் எந்தக் குழப்பமும் கிடையாது. இருதரப்பும் ஒப்புக்கொண்ட விதிப்படி அவர் பெயர் எல்லோருக்கும் கீழே எழுதப்பட்டிருக்கும்.